கழுவுற ஃபில்டரா, பேப்பர் ஃபில்டரா? கடைக் கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்செங்கோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆரம்பித்து ஸ்கூட்டர் வரைக்கும் ஏர் ஃபில்டர் கேட்டு ஆள் வரும் ஊர் இது. சில வருடங்களாகக் கார் வைத்திருப்பவர்கள் ஒரே குழப்பத்தோடு வருகிறார்கள்: 300, 400 ரூபாய் பேப்பர் ஃபில்டரையே மாற்றி மாற்றிப் போடுவதா, நாலைந்தாயிரம் கொடுத்துக் கழுவிப் போடும் ‘ட்ரை’ ஃபில்டரை ஒரே தடவையாக வாங்கிவிடுவதா? சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

அண்ணா, ஏர் ஃபில்டர் அப்படி என்னதான் பண்ணுது? கழட்டிப் போட்டாலும் வண்டி ஓடத்தானே செய்யுது?

ஓடும். எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்குக் குறையாத காற்று. 200 லிட்டர் பேரலில் பிடித்தால் 45 பேரல். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால், இங்கிருந்து ஈரோடு போய்ச் சேர்வதற்குள் அவ்வளவையும் தாண்டி உறிஞ்சிவிடும்.

அந்தக் காற்றில் நம் ஊர் மண் இருக்கிறது. மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கண்ணாடியைக் கீறுகிற பொருள். கண்ணுக்குத் தெரிகிற பெரிய மணலைவிட 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள பொடிதான் ஆபத்து. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான், பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங்குக்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் லைனருக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலத்துக்குள் இந்தப் பொடி நுழைந்து உரசும். ரிங் தேய்ந்தால் பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவது), ஆயில் குடிப்பது, புகை என்று வரிசையாக வரும்.

பேப்பர் ஃபில்டர்னா நிஜமாவே பேப்பர்தானா?

மரக்கூழ் நாரில் செய்த ஒரு வகைத் தாள்தான். ஈரத்திலும் சூட்டிலும் நைந்து போகாதபடி ரெசின் ஏற்றி, மடித்து மடித்து, சுற்றிலும் ரப்பர் போன்ற விளிம்பு வார்த்திருப்பார்கள். பழைய ஃபில்டர் ஒன்றின் விளிம்பை அறுத்து மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். கையகலமாக இருந்தது மேசை முழுக்க விரியும். தூசியைத் தேக்கி வைக்க இடம் கொடுப்பது அந்தப் பரப்பு. விலை குறைந்த நகல்களில் முதலில் திருடுவதும் மடிப்பைத்தான். ஒரிஜினலையும் நகலையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இப்போது பல கார்களில் கம்பெனியே போட்டுத் தருவது வெள்ளைக் கம்பளி மாதிரி இருக்கும் செயற்கை நார் ஃபில்டர். நாம் பழக்கத்தில் அதையும் பேப்பர் ஃபில்டர் என்றே சொல்கிறோம். நார் எதுவானாலும், மேனுவல் மாற்றச் சொன்னால் அது மாற்றத்தான். செயற்கை நார்தானே என்று கழுவிவிடாதீர்கள்.

கழுவுற ஃபில்டர்லயே எண்ணெய் போடுறது, போடாததுன்னு ரெண்டு இருக்காமே?

மூன்று இருக்கிறது. ஒன்று, பஞ்சுத் துணி அடுக்குகளுக்கு எண்ணெய் தடவியது. இரண்டு, ஸ்பாஞ்ச், பைக்குகளில் பார்த்திருப்பீர்கள், அதற்கும் எண்ணெய் வேண்டும். மூன்றாவதுதான் ட்ரை: செயற்கை நாரைப் பல அடுக்காக மடித்து, கம்பி வலையோடு சேர்த்து வார்த்தது. எண்ணெய் தேவையில்லை. கழுவி, காயவைத்து, அப்படியே போடலாம்.

எண்ணெய் வகையில் தொல்லை என்னவென்றால், கழுவியபின் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் ஊற்றிவிட்டால் அது காற்றோடு போய், காற்றை அளக்கும் சென்சாரின் சூடான தகட்டில் படியும். சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும், எஞ்சின் லைட் எரியும். டீசல் கார்களில் பெரும்பாலும் இந்த சென்சார் உண்டு. ட்ரை வகை பிரபலமானதற்குப் பாதிக் காரணம் இந்தத் தலைவலி அதில் இல்லை என்பதே. பஞ்சு வேண்டுமா ட்ரை வேண்டுமா என்று மட்டும் கேட்டால், யோசிக்காமல் ட்ரை என்பேன்.

சரி, தூசியை எது நல்லாப் பிடிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க.

நல்ல கம்பெனி பேப்பர்தான். பெரும்பாலும். ட்ரை வகையில் நல்லது எண்ணெய்ப் பஞ்சைவிட மேல், பேப்பரைத் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் ‘98 சதவீதம்’, ‘99 சதவீதம்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 98 பிடித்தால் 2 உள்ளே போகிறது. 99 பிடித்தால் 1. எஞ்சினுக்குள் போகும் மண் இரட்டிப்பு.

ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை உண்டு. அளந்து வைத்த சோதனைத் தூசியை ஊதி, எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேக்குகிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தூசியில் நயமானது, கரடானது இரண்டும் உண்டு. கரட்டுத் தூசியில் வாங்கிய மதிப்பெண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் விளம்பரங்களும் உண்டு. எந்தத் தூசி என்று சொல்லாத சதவீதத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை: புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் ஓடிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும். முதலில் படிந்த தூசியே பின்னால் வரும் தூசிக்கு இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. பில்டர் காபியில் தூள் படுகை இறங்கியபின் டிகாக்‌ஷன் தெளிவாக வருவது போல. மாதாமாதம் ஃபில்டரைச் சுத்தம் செய்கிறவர் அந்தப் படுகையை மாதாமாதம் கலைத்துவிடுகிறார்.

ட்ரை ஃபில்டர் போட்டா மைலேஜ் கூடும்னு போட்டிருக்கானே?

இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் காரில் எதிர்பார்க்காதீர்கள். 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டே இதைச் சோதித்தது. நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலைத்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. அடைப்பு இருந்தால் நம் கால் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறது, அவ்வளவுதான். குறைவது பிக்கப்: வேகம் எடுக்கும் நேரத்தில் 6 முதல் 11 சதவீதம் வரை. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் மைலேஜும் 2 முதல் 6 சதவீதம் அடிவாங்கும்.

அடைத்த ஃபில்டருக்கே கதை இது என்றால், சுத்தமான பேப்பருக்கும் சுத்தமான ட்ரைக்கும் நடுவில் மைலேஜ் தேடுவது வீண். ‘போட்ட உடனே வண்டி பறக்குதுண்ணா’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அழுக்கேறிய பேப்பரைக் கழற்றிவிட்டுப் புது ட்ரை போட்டவர்கள். புதுப் பேப்பர் போட்டிருந்தாலும் பறந்திருக்கும்.

காசுக் கணக்குல எது லாபம்?

உங்கள் பேப்பர் 350 ரூபாய், ட்ரை 4,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ட்ரை விலைக்கு ஏறக்குறைய பதின்மூன்று பேப்பர் வாங்கலாம். 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும் 2,60,000 கிலோமீட்டர் ஓடியபின்தான் ட்ரை லாபத்துக்கு வரும். வருடத்துக்கு 10,000 ஓட்டுகிறவருக்கு அது 26 வருடம். கழுவும் திரவம் வாங்கினால் அதையும் சேருங்கள்.

கணக்கு திரும்பும் இடங்களும் உண்டு. சில வெளிநாட்டுக் கார்களுக்குப் பேப்பர் ஃபில்டரே 2,000 ரூபாய்க்கு மேல் போகும். அல்லது வண்டி தினமும் கல் உடைக்கும் கிரஷர் ரோட்டில் போய்வருகிறது, 5,000 கிலோமீட்டருக்கே ஃபில்டர் நிரம்பிவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ட்ரை சில வருடத்தில் போட்ட காசை எடுத்துவிடும்.

பேப்பர் ஃபில்டரையே ஏர் அடிச்சு ஏர் அடிச்சு ஓட்டிக்கலாமே? எங்க மெக்கானிக் அப்படித்தான் பண்றாரு.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அந்த முனையைப் பேப்பருக்கு ஒட்டிப் பிடித்து அடித்தால் தூசியும் போகும், தாளில் ஊசித் துளையும் விழும். துளை கண்ணுக்குத் தெரியாது. அடுத்த 20,000 கிலோமீட்டருக்கு மண் அந்த வழியாகப் போகும். சில மேனுவல்களில் இடைச் சர்வீஸில் ஏர் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்வது உண்மை. அப்படிச் செய்தால் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குள் குறைத்து, முனையைத் தள்ளிப் பிடித்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால் மண்ணைத் தாளுக்குள் குத்தி ஏற்றுகிறீர்கள்.

அப்புறம் இருட்டான இடத்தில் ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கலாகப் பரவித் தெரிந்தால் சரி. ஒரு புள்ளி மட்டும் நட்சத்திரம் மாதிரி மின்னினால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ட்ரை ஃபில்டரை எப்படிக் கழுவணும்? சர்ஃப் போடலாமா?

கூடவே வந்த தாளில் என்ன திரவம் சொல்லியிருக்கிறதோ அதுதான். ஒன்றும் சொல்லவில்லை என்றால் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். முதலில் தட்டி உதறுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக ஓடவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அதே திசையில் அலசுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி, பெட்ரோல், பிரஷ் மூன்றும் கூடாது.

காயவைப்பதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். உதறிவிட்டு நிழலில் நிறுத்தி வையுங்கள். ஹேர் டிரையர் சூட்டில் விளிம்பு ரப்பர் வளைந்துபோகும். கம்ப்ரஸர் காற்று எதற்கு ஆகாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். வெயில் காலத்தில் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் ஒருமுறை என் ஃபில்டரைக் கழுவி, வீட்டுக்குள் துண்டுகளோடு சேர்த்துக் கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொட்டால் மேலே காய்ந்திருக்கிறது, மடிப்புக்குள் விரலை விட்டால் ஜில்லென்று ஈரம். மூன்றாம் நாளும் ஈரோட்டுக்குப் பஸ்ஸில்தான் போனேன். அதிலிருந்து மாற்றுக்கு ஒரு பேப்பர் ஃபில்டர் டிக்கியில் கிடக்கிறது. ஆமாம், கழுவுற ஃபில்டர் வாங்கியவருக்கும் பேப்பர் ஃபில்டர் வேண்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும், இல்ல கழுவணும்?

மேனுவலில் இரண்டு அட்டவணை இருக்கும்: சாதாரணப் பாதைக்கு ஒன்று, தூசிப் பாதைக்கு ஒன்று. பல சின்னக் கார்களுக்குச் சாதாரணப் பாதையில் 40,000 வரைகூடப் போட்டிருப்பார்கள். நாலுவழிச் சாலையிலேயே ஓடுகிறவருக்கு அது பொருந்தும். வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர் மண்பாதை என்றால் அதில் பாதி வையுங்கள். ட்ரை ஃபில்டரையும் பேப்பர் மாற்ற வேண்டிய கிலோமீட்டருக்கு முன்னால் கழுவ அவசியமில்லை.

நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழுப்பேறிய ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். முன்னே சொன்ன டிகாக்‌ஷன் கதை.

ஸ்கூட்டர், பைக்குக்கு ட்ரை போடலாமா?

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். இப்போதைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் எண்ணெய்ப் பசையேற்றிய பேப்பர் இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் கழுவவும் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது, மாற்ற மட்டும்தான். பசை போய்விட்டால் அது வெறும் அட்டை. ஸ்பாஞ்ச் இருந்தால் கழுவி, பிழிந்து, எண்ணெய் தடவிப் போடலாம். 200 ரூபாய் ஃபில்டருக்கு மாற்றாக ஆயிரக்கணக்கில் செலவழிக்க நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாங்க தூசியிலயே பொழைக்கிறவங்க. ரிக், டிப்பர், ஜேசிபிக்கு எது?

உங்களிடம் நான் விற்க நினைப்பது பேப்பர்தான், அதுவும் நல்ல கம்பெனியில் இரட்டை எலிமென்ட். வெளியே பெரியது ஒன்று, உள்ளே சின்னதாகப் பாதுகாப்பு எலிமென்ட் ஒன்று. வெளியே இருப்பது கிழிந்தாலோ, தளத்தில் கழற்றி மாட்டும்போது மண் கொட்டினாலோ காப்பாற்றுவது உள்ளே இருப்பது. சின்னதை ஒருபோதும் தட்டவோ ஊதவோ வேண்டாம். சொன்ன கணக்குக்கு மாற்றுங்கள். பெட்டியில் அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் இருந்தால் அது சிவப்புக்கு வரும்வரை பெரியதைத் தொடாதீர்கள். தினமும் சாயந்திரம் திறந்து தட்டுவது நம் ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் மண் உள்ளே விழுகிறது, சீல் தேய்கிறது.

இந்த வண்டிகளில் ஃபில்டரைவிட முக்கியமானது அதற்கு முன்னாலேயே தூசியைச் சுழற்றித் தள்ளும் அமைப்பு. ஃபில்டர் பெட்டிக்கு அடியில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு தொங்கும். அதை விரலால் அழுத்தினால் மண் பொலபொலவென்று கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் அடைத்திருக்கிறது, மொத்த மண்ணும் பேப்பருக்குப் போகிறது. 50 ரூபாய் வால்வு கிழிந்து போனதைப் பார்க்காமல், வாரம் ஒரு ஃபில்டர் வாங்கிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். பழைய டிராக்டர்களில் கிண்ணத்தில் ஆயில் ஊற்றும் வகை இருந்தால், அடியில் சேறு கெட்டியாகிவிட்டதா என்று பார்த்து ஆயில் மாற்றுங்கள். அங்கே பேப்பரா ட்ரையா என்ற பேச்சே இல்லை.

புது ஃபில்டர் போட்டும் உள்ள மண்ணு போகுது. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் பெட்டியைப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து ஹோஸின் உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலால் துடையுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். மண் ஒட்டினால் அது தாளைத் தாண்டி வந்திருக்கிறது, அல்லது தாளைச் சுற்றி வந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

போன வருடம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு டீசல் காரைத் திறந்தார்கள். 70,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆயில் குடிக்கிறது. ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். பெட்டியின் நாலு கிளிப்பில் ஒன்று எப்போதோ உடைந்து, அந்த மூலையைக் கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த மூலையிலிருந்து ஹோஸ் வாய் வரை, எறும்புச் சாரை போல ஒரு பழுப்புக் கோடு. டர்போ இறக்கையின் முனைகள் அரம் வைத்து ராவியது போல மழுங்கியிருந்தன. அந்த மூலையில் 4,500 ரூபாய் ட்ரை ஃபில்டர் இருந்திருந்தாலும் இதேதான்.

ட்ரை வகையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பல காருக்கும் பொருந்தும்படி வார்க்கும்போது விளிம்பு ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். மூடியை அழுத்தி மூட வேண்டியிருந்தாலும் சந்தேகம்; தொளதொளவென்று மூடினாலும் சந்தேகம்.

ட்ரைதான் போடுறோம், அப்படியே பெட்டியைத் தூக்கிட்டு கோன் ஃபில்டரா போட்டா என்ன?

பெட்டி இல்லாமல் திறந்தே மாட்டும் அந்தக் கூம்பு ஃபில்டரில் சத்தம் நன்றாக வரும். பெட்டி இருந்தவரை முன்பக்கத்துக் குளிர்ந்த காற்று வந்தது. இப்போது பானட்டுக்குள் வெந்த காற்று வரும். காற்று 10 டிகிரி சூடேறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். சித்திரை மாதத்தில் டிராஃபிக்கில் நின்றால் எவ்வளவு சூடேறும் என்று நீங்களே யோசியுங்கள்.

மழைத் தண்ணியில எது தாங்கும்?

லேசாக ஈரம் பட்டால் ட்ரை தாங்கும்; பேப்பர் ஊறி மடிப்பு ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஓட்டியிருந்தால் எந்த ஃபில்டரும் தண்ணீரை நிறுத்தாது. அப்போது சாவியைத் திருகாதீர்கள், டோ போட்டுக் கொண்டுபோங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எலி கடிக்காதுன்னு சொல்றாங்களே, ட்ரைய?

கம்பி வலை உள்ள பக்கத்தைக் கடிக்காது. விளிம்பு ரப்பரைக் கடிக்கும். ஒருவர் வண்டியில் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி நிலக்கடலைத் தோலும் இரண்டு குட்டியும் இருந்தன. காற்று இழுக்கும் வாயில் கம்பி வலை வைத்துக் கட்டுங்கள். கண் பெரிதாக இருக்கட்டும், காற்றை மறிக்கக் கூடாது.

வாரண்டி போயிடுமா?

வாரண்டி காலம் முடியும்வரை மேனுவலில் சொன்ன ஃபில்டரையே போடுங்கள். எஞ்சின் தேய்ந்து போய் நின்றால், வெளி ஃபில்டர் இருப்பதைக் காட்டிச் சண்டை வரும். அது உங்கள் ட்ரையின் தப்பில்லை என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். போட்டே தீருவேன் என்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்ப நீங்க உங்க கார்ல ஏன் ட்ரை போட்டிருக்கீங்க?

மாட்டிக்கொண்டேன். என் மாமனார் ஊர் கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம், கல்குவாரியும் கிரஷரும் நிறைந்த ஏரியா. வாரம் ஒருமுறை அந்த வழியாகப் போய்வந்து, பேப்பரை நாலு மாதத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ட்ரை. போடுவதற்கு முன் துணி சுற்றிய விரலால் ஹோஸைத் துடைத்துப் பார்த்தேன், போட்டபின் 2,000 கிலோமீட்டரில் மறுபடி பார்த்தேன், இரண்டு தடவையும் துணி வெள்ளையாகவே வந்தது. துணியில் மண் வந்திருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேன். டவுனுக்குள் மட்டும் ஓடும் என் மனைவியின் காரில் 320 ரூபாய் பேப்பர்தான்.

வண்டியை விக்கும்போது ட்ரை ஃபில்டரைக் கழட்டிக்கலாமா?

தாராளமாக. டிக்கியில் கிடக்கும் பேப்பரை மாட்டிவிட்டுக் கழற்றிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் ஃபில்டர் பெட்டியைத் திறப்பதே இல்லை. ஆனால் அடுத்த கார் வேறு மாடல் என்றால் அந்த ஃபில்டர் அதற்குப் பொருந்தாது. ‘எடுத்துக்கிறீங்களாண்ணா’ என்று அதைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். கவுண்டருக்கு அடியில் ஏற்கெனவே அப்படி நாலு இருக்கிறது.